பதினோராம் மேசை

தோட்டக் கழகத்தில் சேர வந்த படிவத்தில்
ஒரு கேள்வி: தோட்டத்தின் பரப்பளவு?
வெள்ளவத்தை, ஐந்தாம் மாடி, நான்கு சாடி
என்று எழுதிக் கொடுத்தேன்.
ஒன்றில் கறிவேப்பிலை.
இன்னொன்றில் நிற்பது என்னவென்று
அதற்கே தெரியாது.
சேர்த்துக்கொண்டார்கள்.

விற்பனைக்குக் கைவேலை செய்ய
நிலம் தேவையில்லைத்தானே.
வியாழன் பின்னேரங்களில்
மெர்லின் ஜான்ஸின் கராஜ்.
கார் வெளியே மழையில் நிற்க
நாங்கள் உள்ளே பாய் விரித்திருப்போம்.
அதில் கொட்டிக் கிடக்கும்
நகரம் உதறிவிட்ட சாமான்:
மஹோகனி ஓடு, கொட்டங்காய்,
உலுக்கினால் இன்னும் பேசுகிற வாகை நெற்று,
கமுகம் மட்டை.

கந்தோர் விட்டு வரும் வழியில்
குனிந்து குனிந்து நான் பொறுக்கியவை
சாப்பாட்டுப் பெட்டிக்குள் வரும்.
வீதி கூட்டுகிறவர் ஒருநாள் கேட்டார்:
"இதையா மிஸ் விற்கப்போறீங்கள்?"
ஓம் என்றேன்.
விளக்குமாற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
"அப்ப இருபது வருசமாக நான் கூட்டித் தள்ளினது?"
மறுநாளிலிருந்து ஒரு உரப்பையில்
எனக்கென்று எடுத்துவைத்தார்.
பங்கு கேட்கவில்லை.
நானும் கொடுக்கவில்லை.

இனோகா ஆந்தை செய்வாள்.
எல்லா ஆந்தைக்கும்
அவளுடைய பழைய அதிபரின் முகம்.
ருமைஸாவின் சூட்டுப்பசை
சிலந்திபோல நூல்விட்டுக்கொண்டே போகும்,
அவளுடைய முக்காட்டிலும் என் கண்ணாடியிலும்.
அவள் மச்சான்தான்
மத்துகமவிலிருந்து இறப்பர் காய் அனுப்பியவர்,
ஒரு சாக்கு, ஒரு எச்சரிக்கை:
வெடித்ததை மட்டும் எடுங்கோ.

வெடிக்காததுதான் வடிவாக இருந்தது.
மூன்று அறை, மூன்று விதை, இறுக மூடிய வாய்.
பதினாறு காய் சேர்த்து
வாசலில் மாட்ட ஒரு வளையம் செய்தேன்.
விலை இரண்டாயிரத்து எண்ணூறு.

கறுவாத்தோட்டத்து மண்டபம்.
எங்களுக்குக் கிடைத்தது பதினோராம் மேசை,
யன்னலோரம்.
பத்துமணி வெயில் வந்து
முதல் வாடிக்கையாளர் மாதிரி
ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தது.

படீர்.

மண்டபம் வாயை மூடியது.
அந்த ஒரு மூச்சுக்குள்
ருமைஸாவின் கை
யாரோ ஒரு பிள்ளையின் தலைமேல் போயிருந்தது.
காவலாளி வாசலை மறித்து நின்றார்.
நான் மேசைக்குக் கீழே,
அடையாள அட்டை இருக்கும் கைப்பையை
நெஞ்சோடு அணைத்தபடி.

மறுபடி படீர். விதையொன்று பறந்து
பட்டிஸ் தட்டில் விழுந்தது.
பிறகுதான் சிரித்தார்கள்,
தேவைக்கு மேலாகவே,
நெடுநேரம்.

உருண்ட விதைகளைப் பிள்ளைகள் பொறுக்கி
சீமெந்துத் தரையில் தேய்த்து
ஒருவருக்கொருவர் சூடு வைத்தார்கள்.
என்னோடு தவழ்ந்து தேடிய இனோகா
தாழ்ந்த குரலில் சொன்னாள்:
"நான் கதவு எங்கே என்று பார்த்தேன்.
எங்கே போனாலும் முதலில் அதைத்தான் பார்ப்பேன்."
நான் எதைப் பிடித்தேன் என்று சொல்லவில்லை.
கைப்பை இன்னும் கையிலேயே இருந்தது.

ஐந்து காய் போன வளையத்தை
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிய ஒரு மனிதர்
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"மிச்சமும் வெடிக்குமா?"
"வெடிக்கும்."
"எப்போ?"
"அது தெரியாது."
இரண்டாயிரத்துக்குக் கேட்டார். கொடுத்தேன்.

கட்டும்போது மெர்லின் ஒரு துண்டு நீட்டினாள்,
எச்சரிக்கை எழுதியே ஆகவேண்டுமாம்,
மூன்று பாஷையிலும்.
சிங்களத்தை இனோகா எழுதினாள்,
ஆங்கிலத்தை மெர்லின்.
கடைசி வரி எனக்கு:
வெயிலில் வைக்க வேண்டாம்.

இந்த நகரத்தின் பலகைகளை
வாசித்து வளர்ந்தவள் நான்.
இரண்டு தரம் சரிபார்த்தேன்.
ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லை.